ஒன்பதாம் வகுப்பு முதல் பயிலும் பெண் பிள்ளைகளுக்கு உணவு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இடப்பள்ளி, மட்டாஞ்சேரி வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் தாய்மார் சங்கத்தார், கொச்சி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, பூஜப்புரை, திருவனந்தபுரம்.

நகல்: மாவட்ட ஆட்சியர், எர்ணாகுளம், செயலாளர், கொச்சி மாநகராட்சி.

பொருள்: 14 முதல் 18 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளின் சத்துக்குறைவும் வளர்ச்சிக் குறைவும் – உணவு, அளவெடுப்பு, ரேஷன் – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்ச் சிறுபான்மையினர் துறைத் தலைமைக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. அந்த உரிமையோடு இம்மனுவை அளிக்கிறோம்.

நாங்கள் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மசாலாக் கிடங்குகளுக்கும் போகிற பெண்கள். விடியுமுன் கிளம்பினால்தான் அன்றைய கூலி. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு கிடைக்கிறது. வாரம் ஒரு முட்டை, இரண்டு நாள் பால். இதற்காகக் கேரள அரசுக்கு மனமார நன்றி சொல்கிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. ஏழாம் வகுப்புத் தம்பி பள்ளியில் சாப்பிடுகிறான். ஒன்பதாம் வகுப்பு அக்கா காலையில் வீட்டில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போகிறாள், மிஞ்சாத நாளில் வெறும் வயிற்றோடு இருக்கிறாள். இதே பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பத்தாம் வகுப்பு முடிய சத்துணவும், பள்ளி நாள்தோறும் முட்டையும் கிடைத்திருக்கும்.

இன்னொரு கதவும் அதே வயதில் அடைபடுகிறது. மத்திய அரசின் போஷன் 2.0 திட்டத்தில் 14–18 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் ஆண்டில் 300 நாள் தரப்படுகின்றன. வடகிழக்கு மாநிலங்களை விட்டால், முன்னேற விழையும் மாவட்டங்கள் எனப் பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு மட்டுமே இது உண்டு. கேரளத்தில் அது வயநாடு ஒன்றுதான். வயநாட்டுப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் எர்ணாகுளம் வசதியான மாவட்டம் என்ற கணக்கில் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார்கள் என்பதே எங்கள் மனக்குறை.

பதினான்கு வயதில் சோற்றை நிறுத்துவது ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரின் முழு உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும், எலும்பின் திண்மையில் பாதிக்கு நெருக்கமாகவும் குமரப் பருவத்தில்தான் சேர்கின்றன. நன்றாக உண்டு வளரும் பெண்ணுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பதினொன்று, பன்னிரண்டு வயதில். பதினான்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். சத்தில்லாத பிள்ளை வயதுக்கு வருவதே தள்ளிப்போகிறது. அவளுக்கு உயரம் கூடும் காலம் பதினைந்து, பதினாறு வரைகூட நீள்கிறது. விட்டுப்போன வளர்ச்சியில் கொஞ்சத்தையாவது மீட்க இயற்கை அவளுக்குத் தருகிற தவணை அது. அந்த நேரம் பார்த்துத்தான் தட்டு பறிக்கப்படுகிறது. பிறகு என்ன கொடுத்தாலும் உயரம் வராது. இடுப்பெலும்பு குறுகினால் பிரசவம் சிக்கலாகும், எடை குறைந்த குழந்தை பிறக்கும், அந்தக் குழந்தையும் குட்டையாகவே வளரும்.

கேரளத்தின் சராசரி எங்களுக்குத் தெரியும். 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15–19 வயதுப் பெண்களின் இரத்தசோகை நாட்டளவில் 59.1 விழுக்காடு, கேரளத்தில் 32.5. ஆனால் அதே கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட கேரளக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 19.7 விழுக்காட்டிலிருந்து 23.4ஆக உயர்ந்திருக்கிறார்கள். வாடகை அறையில் ஆறு பேராக இருக்கும் குடும்பம் இந்தச் சராசரிக்குள் கண்ணில் படுவதில்லை.

எனவே நாங்கள் முதன்மையாகக் கேட்பது: கொச்சி மாநகராட்சி எல்லைக்குட்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் மதிய உணவும் முட்டையும் தர வேண்டும். மத்திய நிதி வரவில்லையென்றால் மாநில நிதியிலும் மாநகராட்சித் திட்ட நிதியிலும் செய்யலாம். சமைக்க ஆளில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. 2021இல் மாநகராட்சி தொடங்கிய சம்ருத்தி உணவகத்தில் குடும்பஸ்ரீப் பெண்கள் பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளும் எங்களிடையே உண்டு. பள்ளிச் சாப்பாடு அவர்களை எட்டாது. அவர்களுக்கு அங்கன்வாடி வழியாக, கேரள ரேஷன் அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பாமல், வயநாட்டில் தரும் அதே அளவு சத்துணவு வேண்டும்.

வாரந்தோறும் தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் கைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள் என்று பள்ளியில் கோபிக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது, காரணம் அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க உத்தரவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் அளந்து, ஓர் அட்டையில் குறித்து, அதைத் தாயின் கையில் தர வேண்டும். இரத்தமும் பரிசோதிக்க வேண்டும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்வரும் அட்டை மட்டுமே இங்கு செல்லும். எங்களில் பலரின் தமிழ்நாட்டு அட்டை அந்தப் பிரிவில் இல்லை. இக்குடும்பங்களைக் கணக்கெடுத்து, தகுதியுள்ளோருக்கு இங்கேயே முன்னுரிமை அட்டை வழங்கக் குடிமைப்பொருள் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

அடுத்த கல்வியாண்டுக்குள் முடிவெடுத்து, எங்கள் சங்கத்துக்கு எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவி, செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: இடப்பள்ளி