கைநாட்டும் கைவிலங்கும்

எமக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் இராப்பாடசாலை நடத்தினார்கள். பகல் முழுவதும் வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் உழைத்துக் களைத்த மக்களை அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் இருத்தி, அவர்களுடைய பெயரை அவர்களே எழுதப் பழக்கினார்கள். அவ்வகுப்புகளின் குறிக்கோள் ஒன்றே: கைநாட்டு ஒழிய வேண்டும். என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் வட்டிக்காரன் நீட்டிய கடதாசியிலே பெருவிரலை அழுத்தி, வீட்டையும் வளவையும் இழந்தவர்களின் கதை எமது ஊர்கள் எங்கும் உண்டு. தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவன் வாசித்த பின்னரே எழுதுவான். வாசித்தவன் மறுக்கவும் செய்வான். ஆதலால் கையெழுத்து என்பது வெறும் எழுத்தன்று. மறுக்கும் உரிமையின் அடையாளம் அது.

அந்த ஆசிரியர்களின் வழிவந்த நாம், பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் பெற்ற நாம், இன்று மீண்டும் விரலை அழுத்திக்கொண்டிருக்கிறோம். அலுவலக வாசலில் வரவு பதியும் இயந்திரத்தின்மீது அழுத்துகிறோம். கைத்தொலைபேசியைத் திறக்க அழுத்துகிறோம். பக்கம் பக்கமாக நீளும் நிபந்தனைகளை ஒரு வரியும் வாசியாது, அடியிலுள்ள ‘சம்மதம்’ என்ற சொல்லின்மீது அழுத்துகிறோம். வாசியாமல் விரல் பதிப்பதற்குப் பெயர் கைநாட்டு என்றால், கைநாட்டு ஒழியவில்லை, கற்றவர்களையும் பற்றிக்கொண்டுவிட்டது.

“இதிலே என்ன தவறு? காலம் மாறுகிறது; கருவிகள் வளர்கின்றன. குற்றம் செய்யாதவனுக்கு அச்சம் எதற்கு?” என்று கேட்பவர்கள் பலர். எமது ஆசிரியர் ஓய்வறைகளிலேயே இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். எனினும் இக்கேள்வி பிழையானது. அச்சம் குற்றத்தைப் பொறுத்ததன்று. பதிவேடு எவன் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சரித்திரம் இதனை எமக்குத் திரும்பத் திரும்பக் கற்பித்திருக்கிறது.

விரல் அடையாளத்தின் பிறப்பையே நோக்குவோம். 1857 ஆம் ஆண்டின் கிளர்ச்சி இந்தியாவில் ஆங்கில ஆட்சியை உலுக்கிய மறு ஆண்டு, வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதிக்குரிய பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த உள்ளூர்வாசி ஒருவரின் கையில் மை பூசி, ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதிப்பித்தார். பின்னாளில் ‘இது என் கையொப்பமன்று’ என்று அம்மனிதர் மறுத்துவிடாதபடி அச்சுறுத்துவதே தமது எண்ணமாக இருந்ததென்று அவரே பின்னர் எழுதினார். 1897 இல் கல்கத்தாவில் விரல் அடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. ஆளப்படுவோரின் வாய்ச்சொல்லை நம்ப மறுத்த ஆட்சி, அவர்களுடைய உடம்பையே சாட்சியாக்கிற்று. அக்கருவியின் பிறப்பு இதுதான்.

அங்கிருந்து அது தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. திரான்ஸ்வாலில் வாழ்ந்த ஆசியர் யாவரும் பதிந்து, விரல் அடையாளம் கொடுத்து, சான்றிதழைச் சுமந்து திரிய வேண்டுமென 1906 ஆம் ஆண்டில் சட்டம் கொணரப்பட்டது. ‘கறுப்புச் சட்டம்’ என்று மக்கள் அதனை அழைத்தனர். அதனை எதிர்த்துப் பலமுறை சிறை சென்றவர்களுள் தம்பி நாயுடு போன்ற தமிழர்களும் இருந்தனர். 1908 இன் தொடக்கத்தில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. தாமாகவே பதிந்தால் சட்டம் நீங்கும் என்ற நம்பிக்கையில் காந்தியும் பிறரும் விரல் பதித்தனர். சட்டம் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 ஆம் திகதி, ஜொகன்னஸ்பேர்க் ஹமீதியாப் பள்ளிவாசல் முன்றலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. பலமற்றவன் பலவானிடம் கொடுக்கும் ‘சுயவிருப்பச் சம்மதம்’ எத்துணை பெறுமதியுடையது என்பதை அந்த மக்கள் தங்கள் விரலைக் கொடுத்தே கற்றுக்கொண்டார்கள்.

எமது மலையகத்துக்கும் இக்கதை புதியதன்று. தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போவதற்குத் ‘துண்டு’ வேண்டும். அவன் பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிய கடதாசி அது. மனிதனோடு கடனும், கடனோடு மனிதனும் கைமாறிய அம்முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தும் செக்ரோல் ஒழியவில்லை. பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்ததா, கொழுந்தின் நிறை தேறியதா, முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்மானித்தது கணக்கப்பிள்ளையின் பென்சில். அப்பெண்ணின் நாளைய சோறு அப்பென்சிலின் நுனியில் இருந்தது. ஆனால் அந்த ஏட்டைத் திருப்பிப் பார்க்கும் உரிமை அவளுக்கு இருக்கவில்லை.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ தந்தையினதும் பாட்டனினதும் பிறப்புக்குச் சான்று கேட்டது. பரம்பரை பரம்பரையாக இம்மண்ணுக்கு உரமானவர்களிடம் அச்சான்று எங்கே இருந்தது? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றவர் ஆயினர். அவர்கள் செய்த குற்றம் என்ன? கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் 2007 ஜூன் 7 ஆம் திகதி பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அவர்கள் செய்த குற்றந்தான் என்ன? அவர்களிடம் அடையாள அட்டை இருந்தது. அதிலே பெயர் இருந்தது. அப்பெயரே குற்றமாயிற்று. ‘குற்றம் செய்யாதவனுக்கு அச்சம் எதற்கு?’ என்போர் இம்மக்களிடம் சென்று ஒருமுறை கேட்பார்களாக.

இனி எமது தொழிலுக்கு வருவோம். 2020 மார்ச் மாதம் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. கற்பித்தல் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. கருவி யாருடையது? ஆசிரியருடையது. தரவுக் கட்டணம் யாருடையது? அதுவும் ஆசிரியருடையதே. பதுளை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆசிரியையும் பிள்ளைகளும் அலைவரிசை தேடிப் பற்றைக் காட்டினூடாக நடந்து குன்றின் உச்சி ஏறினார்கள். அரசும் கம்பனிகளும் இதனை ‘எண்ணிமப் புரட்சி’ என்று கொண்டாடின. நெசவாளி தறியைத் தானே வாங்கி, நூலையும் தானே வாங்கி, நெய்த துணியை முதலாளிக்குக் கொடுத்தால் அதனை நாம் புரட்சி என்போமா?

நோய் தணிந்தது, அப்பழக்கம் தணியவில்லை. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவிலே படிவம் வருகிறது. காலை எட்டு மணிக்குமுன் நிரப்பி அனுப்புக என்ற கட்டளையும் வருகிறது. செய்தியை வாசித்தோமா இல்லையா என்பதை இரு நீலக்கோடுகள் அதிகாரிக்கு அறிவிக்கின்றன. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் இரத்தம் சிந்தினர் என்று மே தினத்திலே மேடையில் முழங்கும் நாம், எமது இரவை யாருக்கு விற்றோம், என்ன விலைக்கு விற்றோம் என்பதை அறியோம்.

இங்கேதான் கம்பனிக்காரரின் தந்திரத்தை உணர வேண்டும். எம்மை அவர்கள் ‘நுகர்வோர்’ என்று விளிக்கிறார்கள். நுகர்வோனுக்கு அரசனைப் போன்ற மரியாதை உண்டாம்; விருப்பமானால் வாங்கலாம், விரும்பாவிட்டால் விடலாமாம். ஆனால் நுகர்வோன் எப்போதும் தனியன். கடையிலே தனியே நிற்பவன். ‘சம்மதம்’ என்ற சொல்லின்முன் நள்ளிரவிலே தனியே இருப்பவன். வட்ஸ்அப் வேண்டாமென்று ஓர் ஆசிரியர் விட்டால் அவருக்குச் சுற்றறிக்கை கிடையாது. வரவு இயந்திரத்தில் விரல் வையேன் என்று ஓர் எழுதுவினைஞர் மறுத்தால் அவருக்கு அன்றைய வரவு கிடையாது. மறுக்க முடியாத இடத்திலே சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. கவனமாகக் கடையில் தெரிவு செய்வதால் எந்த உரிமையும் எவருக்கும் கிடைத்ததில்லை. கூட்டாக மறுத்தவர்களுக்கே அது கிடைத்தது.

அதற்குச் சான்று நாமே. 2021 ஜூலையில் ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டாகத் தீராதிருந்த சம்பள முரண்பாடு அப்போராட்டத்தின் அடிப்படை. மூன்று மாதங்களுக்கு மேலாகத் திரை இருண்டு கிடந்தது. இயந்திரத்தை இயக்குவது இயந்திரமன்று, உழைப்பாளியே என்பது அன்று துலாம்பரமாயிற்று. ஆனால் அப்போராட்டத்தின் வாசலில் நடந்ததையும் மறக்கலாகாது. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஜூலை 8 ஆம் திகதி ஆர்ப்பாட்டம் செய்த தொழிற்சங்கத் தலைவர் ஜோசப் ஸ்டாலினும் தோழர்களும் கைதாகினர். நீதிமன்றம் பிணை வழங்கிற்று. எனினும் அவர்கள் வீடு செல்ல விடப்படவில்லை. தனிமைப்படுத்தல் என்ற பெயரால் முல்லைத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயிலிருந்து மக்களைக் காக்க வந்த விதி, அரசைக் கேள்வியிலிருந்து காக்கப் பயன்பட்டது.

‘பாதுகாப்பு’ என்னும் சொல்லை ஆராயும்போது, யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரு கேள்விகளையும் உடன் கேட்க வேண்டும். அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர், எம்மைப்போல் ஓர் ஆசிரியர். ‘நவரசம்’ என்ற கவிதை நூலை 2017 இல் வெளியிட்டார். அந்நூல் தீவிரவாதம் பேசுகிறதென்று கூறி, 2020 மே மாதம் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவரைக் கைது செய்தனர். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. அவர் இழந்த நாட்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிருந்தார். தமிழ்க் கவிதைக்கும் சிங்களக் கதைக்கும் ஒரே விலங்கு! தேசிய ஒற்றுமை வேறெங்கும் நிலவாவிடினும் சிறைக்கூடத்தில் நிலவுகிறது.

இன்னுமொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். எமது தனிப்பட்ட விபரங்களைக் கம்பனிகளிடமிருந்தும் அரசிடமிருந்தும் காப்பதற்கென்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் செயற்படவேண்டிய நாள் 2025 இல் வந்தபோது அது பிற்போடப்பட்டது. எமது பேச்சைக் கண்காணிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ 2024 ஜனவரி 24 ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதியே நடைமுறைக்கு வந்தது. எம்மைக் காக்கும் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகளும் போதவில்லை. எம்மைக் காவல் செய்யும் சட்டத்துக்கு எட்டு நாள் போதுமாயிற்று.

நிற்க. எம்மீது ஒரு குற்றச்சாட்டு வரும் என்பதை அறிவோம். “வேலைக்கு ஒழுங்காக வராதவர்களே இயந்திரத்துக்கு அஞ்சுகிறார்கள்” என்பார்கள். 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர் மேலதிகநேரக் கொடுப்பனவு, விரல் அடையாளப் பதிவு முதலிய பிரச்சினைகளை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தபோது பொதுமக்களில் பலர் இவ்வாறே பேசினர். அவர்களை நாம் ஏளனம் செய்யக் கூடாது. கச்சேரி வாங்கிலே காலை முதல் மாலை வரை குந்தியிருந்து, ‘ஐயா இன்று இல்லை, நாளை வாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய தாயின் கோபம் நியாயமான கோபம். அவளுக்குப் பதில் சொல்லாத தொழிற்சங்கம் மக்களின் ஆதரவை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்லர். தறிகளை உடைத்தால் பசி தீராது. நாம் கேட்பது வேறு. சிற்றூழியரின் ஐந்து நிமிடத் தாமதத்தைக் கணக்கிடும் அந்த இயந்திரம், கோடிக்கணக்கான கேள்விப்பத்திரங்களில் கையொப்பமிடும் பெரியவர்களின் நேரத்தையும் செயலையும் கணக்கிடுகிறதா? கண்காணிப்பின் கண் ஏன் எப்போதும் கீழ்நோக்கியே பார்க்கிறது? மக்களாட்சி என்றால் ஆள்பவன் வெளிச்சத்திலும் ஆளப்படுபவன் தன் வீட்டு நிழலிலும் இருக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாகக் கிடக்கின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையிலுள்ளது. கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கண் அது. எமது விரல் அடையாளம் எங்கே சேமிக்கப்படுகிறது, எந்தக் கம்பனி அதனைப் பராமரிக்கிறது, எத்தனை ஆண்டுக்கு வைத்திருக்கும், யாருக்குக் கொடுக்கும் என்று திணைக்களங்களிடம் எழுத்திலே கேட்போம். தொழிற்சங்கத்தின் இணக்கமின்றி எந்தக் கண்காணிப்புக் கருவியும் வேலைத்தலத்தில் நுழையலாகாதென்றும், வேலை நேரத்துக்கு அப்பால் வரும் கட்டளை கட்டளையாகாதென்றும் கோருவோம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகச் செயற்பட வேண்டும். கவிதையையும் கதையையும் பயங்கரவாதமாக்கும் விதி எந்தப் புதிய பெயரிலும் மீண்டும் வரலாகாது. இவற்றைத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மனுவிலே கேட்போம். ஒரே விலங்கைப் பூண்டவர்கள் வெவ்வேறு மனு எழுதுவது மடமை.

இராப்பாடசாலை ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லிய முதற் பாடம் இதுதான்: வாசியாமல் விரல் வைக்காதே. அப்பாடத்தை மறுபடியும் தொடங்குவோம். இம்முறை முதல் வாங்கிலே நாமே அமர்வோம்.