ஆங்கிலப் புள்ளி உங்களுக்குச் சொல்வது என்ன?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் லக்கலயில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், இங்கிலீசுக்கு எஸ் தான் வந்திருக்கு. கெம்பஸ் போக ஏலுமா?" ஏலும் என்பதே என் பதில். அந்தப் பதிலைக் கேட்டவுடன் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகின்றார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் விதியைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். நமது அரச பல்கலைக்கழகங்களுக்கான அனுமதி, உயர்தரத்தில் நீங்கள் தோற்றும் மூன்று பிரதான பாடங்களின் இசட் புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்ற வினாத்தாளும் உண்டு. ஆனால் அதன் புள்ளி இசட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை.

இது தவறு என்று சிலர் வாதிடுகின்றனர். நான் இதைச் சரி என்றே சொல்வேன். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த நகரத்துப் பிள்ளையும், ரிவஸ்டன் பாதையில் ரத்தோட்டை வழியாக மாத்தளைக்கு பஸ் ஏறிப்போய்ப் படிக்கும் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கவில்லை. ஆங்கிலத்தையும் கணக்கில் எடுத்தால், விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் கெட்டிக்காரர்களான நம் பிள்ளைகள் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆனால் மாணவர்களே, வாசலில் கேட்கப்படாத ஆங்கிலம் உள்ளே போனதும் கேட்கப்படும். மருத்துவமும் பொறியியலும் ஆங்கில மொழி மூலமே கற்பிக்கப்படுகின்றன. கலைப் பாடங்களைத் தமிழில் கற்கலாம். நானும் அப்படித்தான் கற்றேன். எனினும் ஒரு கட்டுரை எழுத வேண்டிய நூல்களில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. அகராதியோடு ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் சென்றது. அந்த நேரத்தில் நண்பர்கள் ஒரு அத்தியாயத்தையே முடித்துவிடுவார்கள். மேலும், சில பாடநெறிகளுக்குச் சாதாரண தர ஆங்கிலத்தில் குறிப்பிட்ட சித்தியும் கேட்கப்படுகின்றது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் அந்த விபரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புள்ளியை வாசிக்கப் பழக வேண்டும். சாதாரண தரத்தில் 35 முதல் 49 வரை எஸ், 50 முதல் 64 வரை சி, 65 முதல் 74 வரை பி, 75 உம் அதற்கு மேலும் ஏ. 35 எடுத்தவருக்கும் எஸ், 49 எடுத்தவருக்கும் எஸ். ஒருவர் சித்தியின் விளிம்பில் நிற்கிறார். மற்றவர் திறமைச் சித்திக்கு ஒரு புள்ளிதான் குறைவு. எழுத்து ஒன்றுதான், நிலைமை வேறு. அத்துடன் இந்த வினாத்தாள்கள் பெரும்பாலும் வாசிப்பையும் எழுத்தையுமே அளக்கின்றன. பேச்சுக்கும் செவிமடுத்தலுக்கும் உங்களிடம் உள்ள ஆற்றலை அந்த ஒரு எழுத்து சொல்லாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். அதில் செவிமடுத்தல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை தரப்புள்ளி வழங்கப்படும். நான்கின் சராசரி, அண்மித்த அரைப் புள்ளிக்கு மட்டந்தட்டப்படும்.

உதாரணம்: ஒருவர் செவிமடுத்தலில் 7.0, வாசிப்பில் 6.5, எழுத்தில் 5.5, பேச்சில் 6.0 பெறுகின்றார். கூட்டுத்தொகை 25. நான்கால் வகுத்தால் 6.25. இது 6.5 ஆக உயர்த்தப்படும். இன்னொருவர் 6.5, 6.0, 6.0, 6.0 பெற்றால் சராசரி 6.125. இது 6.0 ஆகக் குறையும்.

இப்போது ஒரு பல்கலைக்கழகம் "மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6.0 இற்குக் குறையக் கூடாது" என்று கேட்கின்றது என வைத்துக்கொள்வோம். முதலாமவர் மொத்தத்தில் தேறிவிட்டார். எழுத்தில் 5.5 என்பதால் அனுமதி கிடைக்காது. மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்தால் தோல்வியின் காரணமே அவருக்குத் தெரிந்திராது. இந்தப் பெறுபேறு பொதுவாக 2 வருடங்களுக்கே செல்லுபடியாகும் என்பதையும் கவனியுங்கள். இன்று அளந்தது இன்றைய நிலை மட்டுமே. களு கங்கை நீர்த்தேக்கத்தின் அளவுகோல் இன்றைய நீர்மட்டத்தைக் காட்டும். நாளைய மழையை அது சொல்லாது.

ஆகவே நீங்கள் இன்றே செய்யக்கூடியவை:

1. கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து, மொத்தப் புள்ளியோடு நிற்காமல் பகுதி பகுதியாகப் புள்ளியிடுங்கள். எங்கே புள்ளி போனது என்று கொப்பியில் குறித்து வையுங்கள்.

2. பலவீனமான பகுதிக்கு முதலிடம் கொடுங்கள். எழுத்து என்றால் நாளுக்கு ஐந்து வசனம் எழுதி ஆசிரியரிடம் திருத்தம் பெறுங்கள்.

3. வாசிக்கும் பந்தியைச் சத்தமாக வாசியுங்கள். வானொலியில் ஆங்கிலச் செய்தியை நாள்தோறும் கேளுங்கள். எல்லாம் விளங்க வேண்டியதில்லை.

4. உயர்தரத்துக்குப் போனதும் பொது ஆங்கிலத்தைக் கைவிடாதீர்கள். இசட் புள்ளிக்கு உதவாத அந்த வினாத்தாள்தான் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

எஸ் எடுத்த பிள்ளையிடம் நான் சொல்வது இதுதான்: மகள், நீ கெம்பஸ் போகலாம். போவதற்கு முன் உனக்கு இரண்டு வருடங்கள் இருக்கின்றன. அவற்றை வீணாக்காதே.