கனவு மறத்தலும் உயிருண்மையும்

கண்விழித்த சிறிது பொழுதிற் கனவு மறைந்துபோதல் எல்லார்க்கும் ஒத்த அநுபவமாம். இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, கனவு கண்டானும் விழித்தானும் ஒருவனேயாயின் மறதி நிகழாது. நிகழ்தலின் நிலைத்த ஆன்மா என ஒன்றில்லை. மூளையே அறிவு என வாதிப்பர் ஒருசாரார். மற்றொருசாரார், மறந்த கனவு தெய்வம் மறைத்த நிமித்தம் என்று ஏழைகளை அச்சுறுத்திப் பரிகாரத்தின் பெயராற் பொருள் பறிப்பர். இவ்விருவர் கூற்றும் போலியே. என்னை?

"கனவு கண்டேன், இன்னதென்று நினைவில்லை" என்பான், கண்டதனையும் மறந்ததனையும் ஒருங்கே அறிகின்றான். கண்டவன் அழிந்திருப்பின் இக்கூற்று எழாது. அற்றேல், கண்டதே நினையாதார்க்கு என்னை எனின், கூறுதும். 1957-இல் அமெரிக்க ஆய்வாளர் டிமெண்டும் கிளைட்மனும், விழிகள் விரைந்தசையும் துயிலில் உறங்குவோரை 191 முறை எழுப்ப, 152 முறை கனவு கூறப்பட்டது. காலைவரை உறங்கவிடின் இவற்றுட் பெரும்பாலன மறையும். எனவே குறை காண்டலில் இல்லை; பதித்து வைத்தலிலேயே உளது. நினைவு பதிதற்குத் துணையாம் நோரெபினெப்ரின் என்னும் சுரப்பு அத்துயிலில் மிகக் குறைகின்றது. அக்காலத்துத் தொழிற்படும் ஒருசார் நரம்பணுக்கள் நினைவைக் குலைத்தலும் 2019-இல் எலிகளிடத்துக் காணப்பட்டது.

அங்ஙனமாயின் மூளையே அறிவென்றாயிற்றன்றோ எனின், ஆகாது. விளக்கவிந்துழிக் கண் காணாமைபற்றி விளக்கே கண் என்பார் யார்? மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மையையும், நான்காஞ் சூத்திரம் அவ்வுயிர் ஐந்தவத்தைப் படுதலையும் கூறும். நனவிற் கருவிகள் 35. கனவில் அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் ஒழிய 25 என்பது சித்தாந்த நூல்களின் வழக்கு. கருவி குறையின் விளக்கமும் குறையும், கொண்டவன் குறையான். ஆயினும், இவ்வெண்களை மேனாட்டார் மெய்ப்பித்தனர் என்று மகிழும் சைவரும் பிழைபட்டோரே. ஆய்வகக் கணக்கு உயிரை நாட்டுவதுமன்று, மறுப்பதுமன்று.

இனி, நனவும் மறக்கப்படுவதே. சென்ற திங்கள் இதே நாளில் உண்டது யாதென்று உரைப்பார் எவர்? பற்றுக்கோடு உடையதே நினைவில் நிற்கும். நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் 2023 சூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக்கால்வாய் வெட்டும்பொருட்டு, வளர்ந்துநின்ற நெற்பயிரை இயந்திரங்கள் அழித்தன. அதனை அவ்வூரார் மறவார். வெட்டுண்ட நிலம் கண்முன் கிடத்தலானும், இழந்தது தம் உழைப்பாதலானும், கண்டார் பலர் தம்முட் பேசுதலானும் என்க. அவ்வுழவருள் ஒருவர் அன்றிரவு அவ்வயலையே பசுமையாகக் கனவிற் கண்டிருப்பினும், அதற்கு மண்ணிற் சுவடில்லை, உடன்கண்டாரும் இல்லை. விடியலில் அது நழுவுதல் இயல்பேயாம். நழுவினமையால் அவர் வேறொருவராகார்.

நிமித்தங் கூறுவாரை ஒன்று கடாவுக. உணர்த்துவோன் இறைவனாயின், உணர்த்தியதனைத் தானே மறப்பித்துப் பின் இடைத்தரகன் ஒருவனைத் தேடி அலைய விடுவானோ? இரவுதோறும் எல்லார்க்கும் நிகழும் மறதி ஒருவர்க்குமட்டும் தீக்குறியாதல் யாங்ஙனம்?

கனவை நினைவிற்கொள்ள விரும்புவார் விழித்தவுடன் அசையாது கிடந்து அதனை எண்ணி, உடனே எழுதிவைத்துக்கொள்க. மறந்தார் அஞ்சற்க, அதன்பொருட்டு ஒரு காசும் இழவற்க. மறந்தது கனவே; மறந்தேன் என்றறியும் உயிர் மறைந்திலது.