மூலம் கையில் இருந்தும்

லினக்ஸ் கெர்னலை மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்வது இன்று பெரும்பாலோருக்குத் தேவையற்ற வேலை. ஆனால் அதைச் செய்ய முடிகிற நிலை நமக்கு மிகவும் தேவை என்பதும், அந்த நிலை மெல்ல நம் கைவிட்டுப் போகிறது என்பதும் என் கட்சி. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன கணினிச் சமாசாரம் என்று நினைக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மூலம், உரை, பதிப்பு, உரிமை என்று நாம் பழகிய சொற்களிலேயே சொல்லிவிடக்கூடிய விஷயம்தான் இது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகத்தை எந்த நிரலுக்கு எவ்வளவு பங்கிடுவது, செயலியில் எது எப்போது ஓடுவது, வட்டில் எழுதியிருப்பதை யார் தொடலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. நாம் திரையில் காணும் மற்ற நிரல்கள் அதனிடம் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்ட முதல் லினக்ஸ் கெர்னல் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டது. 2025இல் அது 4 கோடி வரிகளை எட்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல், உலகில் உள்ள விதவிதமான வன்பொருள்களை இயக்குவதற்கான டிரைவர்கள்.

மனிதர் படிக்கும் சி மொழி வரிகளைச் செயலி ஏற்கும் கட்டளைகளாக மாற்றுவதே தொகுத்தல். அதற்கு முன்னால் தேர்வு இருக்கிறது. 'மேக் மெனுகான்ஃபிக்' என்று கட்டளையிட்டால் நீலத் திரையில் ஒரு நீண்ட பட்டியல் விரியும். பல அம்சங்களைக் கெர்னலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக ஒதுக்கலாம், வேண்டாமென்று விட்டுவிடலாம். பெரும்பாலான வரிகளுக்குச் சுருக்கமான உரை உண்டு. இது எதற்கு, யாருக்கு வேண்டும், ஐயமிருந்தால் எதைத் தேர்வது என்று அது சொல்லும். தேர்வு முடிந்ததும் 'மேக்'. பழைய கணினிகளில் இரவெல்லாம் ஓடிய இந்த வேலை இன்றைய பலகருச் செயலிகளில் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது. புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை அழிக்காமல் தொடக்கப் பட்டியலில் விட்டுவைப்பது மரபு. வட்டைப் படிக்க வேண்டிய டிரைவரை விட்டுவிட்டால் புதியது பாதியில் நின்றுவிடும். அப்போது பழையதே துணை.

முன்பு இதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. நினைவகம் சிறியது, ஒலி அட்டை பேசாது, வேண்டாத பாரத்தை இறக்கினால் கணினி சற்று மூச்சுவிடும். இப்போது லினக்ஸ் வழங்கல்கள் ஏறக்குறைய எல்லா டிரைவர்களையும் மாட்யூல்களாகத் தந்து, வேண்டியதைத் தாமே ஏற்றிக்கொள்கின்றன. தேவை போய்விட்டது. ஆனாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகக் கடந்தவருக்குத் தம் கணினி ஒரு மூடிய பெட்டியாகத் தோன்றுவதில்லை. யாரோ சிலர் எடுத்த ஆயிரக்கணக்கான முடிவுகளின் தொகுப்பு அது என்பதும், அவற்றில் எதையும் மாற்றி எடுக்கலாம் என்பதும் விளங்கிவிடுகிறது.

கெர்னலை நூலாகவே படித்த காலமும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1970களின் பிற்பாதியில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலை மாணவர்களுக்காக அச்சிட்டு, அதற்கு விரிவான விளக்கமும் எழுதினார். மூலமும் உரையும் என்று நம் பழைய பதிப்புகள் வருமே, அதே முறை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலத்தை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. லயன்ஸின் நூல் ஒளிநகலாகவும் நகலின் நகலாகவும் கைமாறிக்கொண்டிருந்து, 1996இல்தான் முறையாக அச்சேறியது.

லினக்ஸுக்கு அந்த நிலை வரவில்லை. 1992 முதல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருக்கிறது. கெர்னலைப் பிறருக்கு வழங்குபவர் மூலத்தையும் வழங்கியாக வேண்டும். ஆனால் மூலத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பயனற்றதாக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில் இயங்கியது. உரிமப்படி மூலத்தையும் தந்தது. ஆனால் நிறுவனத்தின் மின்னொப்பம் இல்லாத கெர்னலை அந்தக் கருவி ஏற்காது. நூலைக் கையில் கொடுத்து, திருத்தி எழுதவும் அனுமதித்து, திருத்திய பிரதியை உன் வீட்டில் மட்டும் படிக்கக்கூடாது என்று சொல்வதைப் போன்றது இது. 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இந்த வழியை அடைக்க முயன்றது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. மாற்றிய நிரல் திரும்பி வந்தால் போதும், வன்பொருளை எப்படி வடிவமைப்பது என்பது செய்பவர் விருப்பம் என்பது அவர் நிலை. கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பின் கீழேயே இருக்கிறது.

இந்தப் பிணக்கு உரிம வல்லுநர்களோடு நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இயங்குவது லினக்ஸ் கெர்னலில்தான். தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் புதுப்பிப்புகளை நிறுத்திவிடுகிறார். திரை, மின்கலம், செயலி எல்லாம் நன்றாக இருக்க, பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பழைய கெர்னலோடு அந்த ஃபோன் நின்றுவிடுகிறது. லினியேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வக் குழுக்கள் இத்தகைய ஃபோன்களுக்குப் புதிய பதிப்புகளைத் தொகுத்துத் தருகின்றன. ஆனால் ஃபோனின் பூட்லோடர் பூட்டப்பட்டிருந்தால் அவர்கள் உழைப்பும் வாசலிலேயே நின்றுவிடும்.

பூட்டு பாதுகாப்புக்காகத்தானே என்பார்கள். நியாயம்தான். திருடனோ தீய நிரலோ கெர்னலை மாற்றிவைக்காமலிருக்கப் பூட்டு வேண்டும். என் கேள்வி சாவி யாரிடம் என்பதே. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதற்கான சான்றிதழ் பெறும் இன்டெல் வகைக் கணினிகளில் இந்தப் பூட்டை உரிமையாளர் திறக்க வழி இருக்க வேண்டும் என்றும், ஆர்ம் வகைச் சாதனங்களில் அந்த வழி இருக்கக்கூடாது என்றும் மைக்ரோசாஃப்ட் விதித்தது. ஒரே நுட்பம், ஒரே ஆண்டு, இரண்டு விதிகள். சாவியை உரிமையாளரிடம் கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லோரும் கெர்னல் தொகுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் என்றுமே சிலர்தான். ஆயினும் அவர்கள் இருப்பதால்தான் மற்ற அனைவரும் நம்பிப் படிக்க நல்ல பதிப்பு கிடைக்கிறது. அடுத்த ஃபோன் வாங்கும்போது விலையையும் கேமராவையும் விசாரிப்பதோடு, இதன் பூட்லோடரைத் திறக்க முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாமலிருக்கலாம். பலர் கேட்கத் தொடங்கினால் தெரிந்துகொள்வார்.