வெண்முகில் மலை மீன்

சீன நாட்டின் தென்பகுதியில், முன்னாளில் காண்டன் என வழங்கிய குவாங்சௌ மாநகரை அடுத்து ஒரு மலை உண்டு. வெண்முகில் மலை என்பது அதன் பெயரின் பொருள். அம்மலையின் ஓடையில் விரலளவும் நீளாத மீன் ஒன்றை டான் என்னும் சாரணர் தலைவர் கண்டெடுத்தார். 1932ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பெற்றது. அப்பெயரின் முற்பகுதி டானையும், பிற்பகுதி வெண்முகிலையும் குறிக்கும். கண்டவரும் கண்ட இடமும் ஒரு பெயருள் அடங்கியது அழகன்றோ?

இம்மீன் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமுடையது. கண்ணருகே தொடங்கி வாலடிவரை பொன்னும் வெள்ளியும் கலந்தாற்போன்ற கோடு ஒன்று ஓடும். இளமீன்களிடம் அக்கோடு நீலப்பச்சையாய் ஒளிரும். அமேசான் பகுதியின் நியான் டெட்ரா மீன் அருவிலைக்கு விற்ற காலத்தில், மேனாட்டார் இதனை 'ஏழையின் நியான்' என்றனர்.

ஒன்றோ இரண்டோ வாங்கிக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, மேசைமேல் அணியாக வைப்போர் உளர். அதனை மீன்வளர்ப்பு என்று கூறுதல் பொருந்தாது. இவை கூட்டமாய் வாழும் இயல்பின. கண்ணாலும், உடலின் இருமருங்கும் அமைந்து நீரசைவை உணர்த்தும் உறுப்பாலும் ஒன்றன் போக்கை மற்றொன்று அறிந்து ஒருங்கே திரும்பும். பல உடல்கள் ஒருசேர மின்னித் திரும்புங்கால், இரைதேடி வரும் பெருமீன் எதனைப் பற்றுவது எனத் திகைக்கும். தனித்த மீனுக்கு இக்காப்பு இல்லை. ஆதலின் அது செடிமறைவில் ஒடுங்கும், நிறம் மங்கும், இரையைக் கண்டும் தயங்கும். பத்து மீன்களேனும் நீண்ட தொட்டியில் வாழுமிடத்தே அவற்றின் இயல்பு வெளிப்படும். ஆண்மீன்கள் துடுப்பை விரித்து, ஒன்றையொன்று சுற்றிவந்து வீறு காட்டும். பெரும்பாலும் காயமின்றி முடியும் போர் அது!

இவற்றைப் பெருக்குதல் அரிய செயல் அன்று. குளிர்ந்த தூயநீரும், அடர்ந்த பாசியும் வேண்டும். வெப்பம் மிகுந்த நீர் இவற்றுக்கு ஆகாது. பெண்மீன் பாசியிடையே முட்டைகளைச் சிதறிவிடும். இரண்டு மூன்று நாட்களில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் வெளிப்பட்டுக் கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வைக்கோல் ஊறிய நீரில் தோன்றும் நுண்ணுயிர்களே அவற்றின் முதல் உணவு. தாய்மீனும் தந்தைமீனும் பசித்திருந்தால் தம் முட்டைகளையே உண்டுவிடுதலும் உண்டு. வயிறார உணவிட்டு வளர்ப்பவன் தொட்டியில் அவ்விழப்பு குறைவு.

இவ்வாறு உலகின் பல நாட்டு இல்லங்களிலும் இம்மீன் பெருகியது. ஆயின், பிறந்த மலையில் நேர்ந்தது வேறு. நகரம் விரிந்தது, ஓடைகள் கெட்டன. 1980ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்கை நீர்நிலைகளில் இதனைக் கண்டவர் இலர். அற்றுப்போயிற்று என்றே பலரும் எண்ணினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் தென்சீன ஓடைகள் சிலவற்றில் எஞ்சிய சிறு கூட்டங்கள் காணப்பெற்றன.

'தொட்டிகளில் எண்ணற்று வாழ்கையில் ஓடையைப் பற்றிய கவலை ஏன்?' என வினவுவாரும் உளர். இவ்வினா மேலோட்டமானது. வணிகர் வளர்க்கும் மீன்கள் பெரும்பாலும் சிலவற்றின் வழிவந்தவை, உறவுக்குள்ளேயே பெருகியவை. நீண்ட துடுப்புடையவற்றையும் பொன்னிற உடலுடையவற்றையும் வளர்ப்போர் தேர்ந்து தேர்ந்து பெருக்கினர். வளர்ப்போர் கண்ணுக்கு இனிய அந்நீண்ட துடுப்பு, ஓடையின் விரைந்த நீரில் சுமையாகும். பகையறியாது, நேரந்தவறாமல் உணவு பெற்ற மீனுக்கு ஓடையின் வாழ்வு அயலானது. நோயைச் சுமந்து சென்று, எஞ்சிய மீன்களுக்கும் அது கேடு சூழக்கூடும். வளர்க்க இயலாத மீனைக் கொண்டுபோய் அருகிலுள்ள குளத்தில் விடுவதும் இரக்கச் செயலாகாது; பிறநாட்டு உயிர் புகுந்த நீரில் அந்நாட்டு மீன் இடமிழத்தல் கூடும்.

தொட்டி ஓர் இனத்தைக் காத்து வைத்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், நிறத்தையும் துடுப்பையும் நாடாது, மலையில் இருந்த உருவிலேயே அதனைப் பேணி, உறவு கலவாதபடி பிற வளர்ப்போருடன் மீன்களை மாற்றிக்கொள்பவனே அக்காவலைச் செய்பவன். மற்றைப் பணி குவாங்சௌவின் மலைச்சாரலில் இருக்கிறது. அங்கே ஓடையில் கழிவுநீர் கலவாமல் தடுத்தல் வேண்டும்.