பொம்மைன்னு சொல்லாதீங்க பாஸ்!

முதல்ல ஒரு குட்டிப் புதிர். கையில ஆறே ஆறு பிளாஸ்டிக் கட்டை. எல்லாம் ஒரே கலர், ஒரே சைஸ். மேல எட்டுக் குமிழ் இருக்குமே, அந்த லெகோ கட்டைதான். இந்த ஆறையும் ஒண்ணோடு ஒண்ணு எத்தனை விதமா மாட்டலாம்?

கேன்டீன்ல கேட்டப்போ, 'ஒரு லட்சம்'னு ரொம்ப தாராள மனசோட சொன்னான் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாப்பிள்ளை. சரியான விடை 91,51,03,765. தொண்ணூத்தோரு கோடியைத் தாண்டுது மக்களே! ரெண்டு கட்டைக்கு 24 விதம், மூணு கட்டைக்கு 1,060 விதம்... ஆறைத் தொடுறதுக்குள்ள கால்குலேட்டருக்கே தலை சுத்துது. டென்மார்க்கோட கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டரை வெச்சு எண்ணிச் சொன்ன கணக்கு இது.

இந்தக் கட்டையை வெச்சு விளையாடுறது யாருன்னு நினைக்கிறீங்க? யூ.கே.ஜி. வாண்டுகளா? அதான் இல்ல! மீசை முளைச்ச, சம்பளம் வாங்குற, கல்யாணம் ஆன ஆளுங்க. 'அடல்ட் ஃபேன்ஸ் ஆஃப் லெகோ'னு உலகம் முழுக்க இவங்களுக்குப் பட்டப்பேரே இருக்கு. 2020-ல லெகோ கம்பெனியே கறுப்பு அட்டைப்பெட்டி மேல '18+'னு அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சுடுச்சு. சினிமா சர்டிஃபிகேட் கணக்கா நினைச்சுக்காதீங்க. உள்ளே இருக்கிறது சுத்த சைவம்தான்!

அந்தப் பெட்டிகளோட சைஸைக் கேட்டா மூச்சு நிக்கும். 2008-ல வந்த தாஜ்மஹால் செட்ல 5,922 துண்டு. அன்னிக்கு லெகோ விட்டதுலயே பெரிய செட் அதுதான். 2021-ல வந்த டைட்டானிக்ல 9,090 துண்டு. ஷாஜகான் பட்ட பாட்டை நம்ம ஹாஸ்டல் கட்டில் மேலேயே படலாம்!

இந்த ஆளுங்கள்ல மூணு ஜாதி உண்டு. பெட்டியைப் பிரிக்காமலேயே பரண்ல அடுக்குறவங்க ஒரு செட். பிரிச்சு, கட்டி, கண்ணாடி ஷெல்ஃப்ல வெச்சு அழகு பார்க்குறவங்க ரெண்டாவது. கட்டி முடிச்சதைக் கலைச்சு, கலர் வாரியா டப்பாவுல பிரிச்சு, புத்தகத்துல இல்லாத ஒண்ணை சொந்தமா கட்டுறவங்க மூணாவது. என் ஓட்டு மூணாவது கட்சிக்கு. ஏன்னு சொல்றேன்.

தச்சரோட பட்டறை

லெகோவை ஆரம்பிச்சவர் ஒரு தச்சர். பேரு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். ஊரு டென்மார்க்ல பில்லுண்ட். 1932-ல மர பொம்மை செய்யத் தொடங்கினார். 'நல்லா விளையாடு'ங்கிற அர்த்தம் வர்ற டேனிஷ் வார்த்தைகளைச் சுருக்கி 'லெகோ'னு பேர் வெச்சார். 1946-ல பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் ஒண்ணை வாங்கினார்.

கட்டைங்கிற ஐடியா அவரோடது மட்டும் இல்ல. பிரிட்டன்ல ஹிலரி ஃபிஷர் பேஜ்ங்கிறவர் ஏற்கெனவே அந்த மாதிரி கட்டை போட்டுட்டு இருந்தார். அதைப் பார்த்து 1949-ல லெகோவும் போட்டுச்சு. ஆனா, அடியில வெறும் காலி. மாட்டினா சரியா பிடிக்காது, சுவர் ஆடும். அதுக்குத்தான் 1958 ஜனவரி 28-ம் தேதி ஒரு காப்புரிமை பதிவு பண்ணாங்க. அடியில குட்டிக் குட்டிக் குழாய். மேல் குமிழ் அந்தக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல இறுக்கமா போய் உட்காரும். 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான் மேட்டர்!

அன்னிக்கு வந்த அந்த டிசைன் கட்டையை இன்னிக்கு வாங்குற கட்டையோட மாட்டினாலும் அதே 'டக்'. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு வருஷம் பழைய போன் சார்ஜரையே புது போன்ல மாட்ட முடியாத காலம் இது. யோசிச்சுப் பாருங்க!

அப்பாவும் வெர்னியரும்

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் காக்களூர் சிட்கோ... இந்தப் பக்கம் இரும்புக் கம்பி உருட்டுற ஆலை மாதிரியே பிளாஸ்டிக் யூனிட்டுகளும் உண்டு. எங்க அப்பாவுக்கு அதுல ஒரு யூனிட்ல ஷிஃப்ட் வேலை. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர். மூடி, டப்பா, கார் பார்ட்ஸ்னு என்ன ஆர்டர் வருதோ அது.

நான் ட்யூஷன் எடுத்த காசுல ஒரு சின்ன லெகோ செட் வாங்கி வந்தப்போ, அப்பா முதல்ல கேட்டது வேற என்ன... "இத்துனூண்டு பிளாஸ்டிக்குக்கு இவ்ளோ விலையாம்மா?" கிலோ கணக்குல பிளாஸ்டிக்கைப் பார்க்குற மனுஷன் அப்படித்தான் கேட்பார். அப்புறம் சும்மா ஒரு கட்டையைக் கையில எடுத்தார். விளிம்பை விரலால தடவினார். ஃபிளாஷ் இருக்கா, பிசிறு இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். "உன் வெர்னியர் எங்க?"ன்னார்.

எட்டுக் குமிழ் கட்டை ஒண்ணோட நீளம் 31.8 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. தூரம். நாலு எட்டு 32தானே வரணும்? பக்கத்துல இன்னொரு கட்டை உரசாம உட்காரணுமேன்னு பக்கத்துக்கு 0.1 குறைச்சிருக்காங்க. அப்பா நாலு கட்டையை அளந்தார். நாலும் 31.8. அஞ்சாவதும் அதே. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார்: "இந்த டை பண்ணவன் கையைத் தொட்டுக் கும்பிடணும்மா."

எதுக்கு அப்படிச் சொன்னார்? கணக்குப் போட்டா புரியும். கட்டை செய்யுறது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்ல. கீபோர்டு, ஹெல்மெட் ஓடு, சூட்கேஸ் எல்லாம் இதே ஜாதிதான். லெகோ இதுக்கு மாறினது 1963-ல. உருக்கி டைக்குள்ள ஊத்தி ஆறவிட்டா, ஏ.பி.எஸ். சுமார் அரை சதவிகிதம் சுருங்கும். 31.8-ல அரை சதவிகிதம்னா, கிட்டத்தட்ட 0.16 மி.மீ. ஆனா, கட்டையில தப்பலாம்னு விடுற அளவு ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, அதாவது 0.01 தான். அதுக்கு மேல போனா கட்டை மாட்டாது. அதுக்குக் கீழே போனா மாட்டின கட்டை நிக்காது. அப்போ, எவ்வளவு சுருங்கும்னு முன்கூட்டியே கணிச்சு, டையைப் பெருசா வெட்டி, சூடு, பிரஷர், ஆறுற நேரம் எல்லாத்தையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே மாதிரி வெச்சிருக்கணும். கோடிக்கணக்கான தடவை!

'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' நமக்கு செமஸ்டர்ல ஒரு ரெண்டு மார்க் கேள்வி. எங்க வீட்டுல அதுதான் சோறு. இருபது வருஷமா அப்பா என்ன வேலை பார்க்குறார்னு ஒரு வரியில சொல்லத் தெரிஞ்ச எனக்கு, ஷார்ட் விழுந்தா என்ன பண்ணணும், ஈரம் போகாத ஏ.பி.எஸ். மேல ஏன் வெள்ளிக் கோடு வருதுன்னு அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து கதை கேட்க வாய்ச்சுது. ஒரு பொம்மை டப்பா பண்ணின வேலை இது.

சிவில் பசங்களுக்கும் ஒரு தகவல். 2012-ல பிரிட்டன்ல ஓப்பன் யுனிவர்சிட்டி இன்ஜினீயருங்க நாலு குமிழ் கட்டையை அமுக்கி டெஸ்ட் பண்ணாங்க. சுமார் 4,240 நியூட்டன் வரைக்கும் தாங்குச்சு. ஒரு கட்டை மேல 432 கிலோ! மேல மேல அடுக்கினா, மூணரை கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அடியில இருக்கிற கட்டை நசுங்காது.

காசு மேட்டர்

சரி, விலை ஏன் பயமுறுத்துது? 2020-ல பொம்மை இறக்குமதி வரியை 20 சதவிகிதத்துல இருந்து 60-க்கு ஏத்தினாங்க. 2023 பட்ஜெட்ல 70. நடுவுல, 2021 ஜனவரியில இருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்ளூர்ல பொம்மை செய்யுறவங்க பிழைக்கணும்கிறது நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனா, கலெக்டர் பர்ஸுக்கு வேட்டு! (மாவட்ட கலெக்டர் இல்ல சாமி, கட்டை கலெக்ட் பண்ற கலெக்டர்.)

'அதெல்லாம் இன்வெஸ்ட்மென்ட் மச்சி... பிரிக்காம வெச்சா தங்கத்தைவிட ஏறும்'னு சில பேர் கிளம்பி வருவாங்க. ரஷ்யப் பொருளாதார ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வந்த 2,322 செட்டுகளோட மறுவிற்பனை விலையை அலசினாங்க. சராசரியா வருஷத்துக்கு 11 சதவிகித லாபம்னு முடிவு. உடனே அம்மா வளையலைக் கழட்டாதீங்க! அதே ஆய்வுல சில செட் வருஷத்துக்கு பாதி விலை இறங்கியும் இருக்கு. எது ஏறும்னு முன்கூட்டித் தெரியாது. அதுவும் நம்ம ஊர் வெயில், ஈரக்காத்து, கரையான் எல்லாம் அந்தக் கணக்குல வராது. அதோட, மாட்டுறதுக்குன்னே செஞ்ச கட்டையை மாட்டாம வெச்சிருக்கிறது, பந்து வாங்கி பீரோவுல பூட்டுற மாதிரி.

'அப்போ டூப்ளிகேட் வாங்கலாமா?' ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க. கட்டைக்கான அடிப்படைக் காப்புரிமை எப்பவோ காலாவதி. கட்டையோட வடிவமே எனக்கு மட்டும்தான் சொந்தம்னு லெகோ கேட்டதை 2010-ல ஐரோப்பிய நீதிமன்றம் ஏத்துக்கல. ஆக, குமிழ் வெச்ச கட்டை யார் வேணா செய்யலாம், தப்பே இல்ல. ஆனா செட்டோட டிசைனை, பெட்டிப் படத்தை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்கிறது வேற கேஸ். சீனாவுல 'லெப்பின்'னு ஒரு பிராண்ட் அதைத்தான் பண்ணுச்சு. 2019-ல போலீஸ் ரெய்டு, 2020-ல முக்கியப் புள்ளிக்கு ஆறு வருஷம் ஜெயில். சொந்தப் பேர்ல, சொந்த டிசைன்ல வர்ற கட்டைக்கு ஓகே. திருட்டு டிசைனுக்கு நோ.

பட்ஜெட் பத்மநாபன்களுக்கு...

பெரிய செட்டுக்கு ஏங்க வேணாம். கலப்படமா கட்டைங்க மட்டும் வர்ற கிளாசிக் டப்பா ஒண்ணு போதும், ஆரம்பிக்கலாம். நாலு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு ஒரு செட் வாங்குங்க. மாத்தி மாத்திக் கட்டுங்க. சொந்தக்காரங்க வீட்டுல பரண்ல கிடக்குற பழைய கட்டையைக் கேட்டு வாங்குங்க. பழசும் புதுசோட மாட்டும்!

கழுவணுமா? 40 டிகிரிக்கு மேல சூடான தண்ணி ஆகாது. சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ் போதும். மே மாசம் மொட்டைமாடி டேங்க் தண்ணியை நேரா ஊத்தாதீங்க, அதுவே 40-ஐ நெருங்கும்! ஜன்னல் வெயில் படுற இடத்துல வெச்சா வெள்ளைக் கட்டை மஞ்சளாயிடும். ஸ்டிக்கர், புத்தகத்தை மட்டும் தனியா கவர்ல போட்டு வைங்க.

சொந்த டிசைன் கையில இருக்கா? 'லெகோ ஐடியாஸ்'ல அனுப்புங்க. 10,000 பேர் ஆதரவு கிடைச்சா கம்பெனி பரிசீலனைக்கு எடுக்கும். செட்டா வெளிவந்தா, நிகர விற்பனையில 1 சதவிகிதம் உங்களுக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுல 'யுவர் ஹாபி?'னு கேட்டா, 'லிசனிங் டு மியூசிக்'கைவிட இது கெத்தா இருக்காதா என்ன?

நம்ம ரூட்டு

கடைசியா ஒண்ணு. 1946-ல பில்லுண்ட் தச்சர் பிளாஸ்டிக் மெஷின் வாங்கினார்னு சொன்னேன்ல? அதே 1946-ல நம்ம திருவொற்றியூர்ல ஒரு ஷெட்ல கே.எம்.மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் எம்.ஆர்.எஃப்.! பலூன்ல தொடங்கினவங்க டயருக்குப் போனாங்க. அந்தக் குழுமத்தோட ஃபன்ஸ்கூல் இன்னிக்கு ராணிப்பேட்டையில பொம்மை தயாரிக்குது.

2025-ல குருகிராம்ல இந்தியாவோட முதல் லெகோ கடை திறந்தாச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல வியட்நாம்ல 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி லெகோ ஃபேக்டரியே திறந்தாச்சு. நமக்குக் கடை, அவங்களுக்கு டை! பொன்னேரி பக்கம் டிட்கோவோட பாலிமர் பூங்கா இருக்கு. கிண்டியில 1968-ல இருந்து சிப்பெட் இருக்கு, மோல்டு செய்யுறதுக்குன்னே அங்கே டிப்ளமோ இருக்கு. ஆனா, நம்ம கிளாஸ்ல 'எங்கே போகப் போறே?'னு கேட்டா அறுபது பேரும் ஓ.எம்.ஆர். பக்கமே கை காட்டுறோம். போங்க, வேணாம்னு சொல்லல. டூல் ரூம்ல உட்கார்றதும் இன்ஜினீயர் வேலைதான்னு ஒரு ஓரமா ஞாபகம் வைங்க.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறினா திருவொற்றியூரைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். பலூன் விட்ட ஊரு அது. அந்த ரூட்டுல தினமும் சீசன் டிக்கெட்டோட தொங்குற நம்ம கூட்டத்துல, 0.01-க்கு ஒரு டை வெட்டிக் காட்டுற ஆள் ஒருத்தர்கூடவா இல்லாம போயிடுவாங்க?