துப்பாக்கிக் குழலும் அதைத் தாங்கும் கட்டையும்

வேட்டை ரைபிளின் குழல் மரக்கட்டையில் எங்கும் படாதவாறு செதுக்கி இடைவெளி விட்டால் குறி துல்லியமாகும் என்னும் கருத்து பெரிதும் பரவியுள்ளது. கருத்தில் பிழையில்லை, எல்லாத் துப்பாக்கிக்கும் அதுவே மருந்து எனக் கொள்வதுதான் பிழை.

சுடும்பொழுது குழல் அதிர்கிறது. 1901-ஆம் ஆண்டிலேயே மாலக் என்னும் ஆங்கில விஞ்ஞானி இவ்வதிர்வை ஆராய்ந்து ராயல் சொஸைட்டி வெளியீட்டில் எழுதினார். அதிர்வினால் மட்டும் தீங்கில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்தில் படும். (மேசை விளிம்பில் எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்துச் சுண்டி, விரலால் வெவ்வேறு இடங்களைத் தொட்டு, அதிர்வு மாறுவதை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம்.) கட்டையின் அழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதே தொல்லை. பெங்களூர் ஜீவனஹள்ளியின் பங்குனி வெயிலில் செப்பமாகப் பொருத்திய கட்டை, குடகின் ஆடி மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பிக் குழலை நெருக்கக்கூடும். இதற்கு இடைவெளி நல்ல பரிகாரமே. குழல் தடித்ததாயின் ஐயமின்றிச் செய்யலாம்.

ஆனால் இஷாபூர் தொழிற்சாலையின் ‘.315’ வேட்டை ரைபிள் லீ-என்ஃபீல்டு அமைப்பைத் தழுவியது. அவ்வமைப்பில் போல்ட்டின் பூட்டு பின்புறம் உள்ளது. ஆகவே சுடுகையில் உடற்பகுதியும் சற்று வளைகிறது. அவ்வினத்து இராணுவ ரைபிள்களுள் நான்காம் எண் வகையில், முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையுடன் மேல்நோக்கித் தாங்குமாறு வேண்டுமென்றே அமைத்தனர். பந்தயக் குறியாளர் சிலரோ குழலை நடுவில் மட்டும் தாங்கச் செய்து முன்பகுதியை விடுவித்தனர். இரு முறையிலும் நற்பயன் கிட்டியது. எனவே, அயல்நாட்டுத் தடித்த குழல்களுக்குரிய விதியை இங்கு அப்படியே புகுத்துதல் விவேகமாகாது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டை விளையாட்டுக்கு இடமில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை உத்தரவு பெற்றுச் சுடுவோர்க்கு, குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற்குண்டே முக்கியம். அது நாலு விரற்கடை விலகினால் விலங்கு காயத்துடன் புதரில் மறையும். தேடிச் செல்லும் ஊழியரின் உயிருக்கும் ஆபத்து. ஆதலால் ஒரே நாளில் பத்துக் குண்டு சுட்டு, அவை நெருங்கி விழுந்தனவா என்று பார்ப்பதால் பயன் குறைவு. வெயில் நாளிலும் மழை நாளிலுமாக, நாளுக்கு ஒரு குண்டு வீதம் ஐந்து குண்டுகளை அனுமதி பெற்ற களத்தில் ஒரே தாளில் சுட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்கு முன் கட்டையின் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று நோக்குதல் அவசியம். பல சமயம் குற்றம் அங்கேயே இருக்கும்.

அதன் பின்னும் குறி பருவத்திற்கேற்ப இடம் மாறினால், உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரைக் கொண்டு செதுக்கலாம். செதுக்கிய மரம் திரும்பாது. எனினும் குறி முன்னிலும் சிதறுமாயின், முன்கட்டையின் நுனியில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிப் பழைய தாங்குதலை ஓரளவு மீட்கலாம். அவ்வட்டைக்கு மெழுகு பூசியிருத்தல் நலம்.